நூற்றாண்டுக் கட்டடமும் நிலைநிதியும்: ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குப் பணம் திரட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. இன்னும் இரண்டு ஆண்டுகளில் நூற்றாண்டு விழா. ஓடு வேய்ந்த பழைய கட்டடத்தை அகற்றிவிட்டு வகுப்பறைகள், ஆய்வகங்கள், கழிப்பறைகள், ஒரு கலையரங்கம் என்று புதிதாகக் கட்ட வேண்டும். கூடவே முதலைத் தொடாமல் அதன் பலனை மட்டும் செலவழிக்கும் நிரந்தர நிதி (நிலைநிதி) ஒன்றும் வேண்டும் என்கிறார் தாளாளர். மதிப்பீடு மூன்று கோடி ரூபாய். முன்னாள் மாணவியர் சங்கத்தின் பொருளாளராகிய நீங்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

நான் முப்பது ஆண்டுகள் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளின் நிதிக்குழுவில் இருந்திருக்கிறேன். கண்டதையும் பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மதிப்பீட்டைப் பற்றி. மூன்று கோடியில் நிரந்தர நிதிக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. முழுத் தொகையும் கட்டடத்துக்குத்தான், நிதிக்கு "மீதம் இருந்தால் பார்ப்போம்" என்பதுதான் உங்கள் குழுவின் எண்ணம் என்று ஊகிக்கிறேன். மீதம் இருக்காது. எந்தப் பள்ளியிலும் இருந்து நான் பார்த்ததில்லை. கட்டடத்துக்கு நான்கு ரூபாய் கேட்டால் நிதிக்கு ஒரு ரூபாயை அதே மூச்சில் கேளுங்கள். மூன்று கோடிதான் உங்களால் திரட்ட முடியும் என்றால் கட்டடத்தை 2 கோடியே 40 லட்சத்துக்குச் சுருக்குங்கள். 60 லட்சம் நிதிக்குப் போகட்டும். அதற்காகக் கலையரங்கத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் தள்ளிப்போடுங்கள். நூற்றாண்டு நினைவு வளைவு என்று யாராவது பேச்செடுத்தால் அந்தப் பணத்தில் எத்தனை கழிப்பறைகள் கட்டலாம் என்று அந்தக் கூட்டத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உதவிபெறும் பள்ளிக்கு அரசு தருவது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான ஊதியமும் சிறு தொகையாகப் பராமரிப்பு மானியமும். சுவர், கூரை, ஆய்வக மேசை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கல்வி முகமையின், அதாவது பள்ளியை நடத்தும் அமைப்பின், பொறுப்பு. உதவிபெறும் பிரிவில் கட்டணம் வாங்கிச் சமாளிக்கவும் வழியில்லை. ஒரு காலத்தில் பள்ளிகளை நடத்தும் துறவற சபைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து உதவி வந்தது. நம் ஊர்களில் நூறு ஆண்டுகளாக நிற்கும் பல கட்டடங்கள் அப்படி எழுந்தவை. அந்த ஊற்று வறண்டு பல காலம் ஆகிறது. அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. அதில் உங்கள் பள்ளிக்கு இடமில்லை. பல பள்ளிகளில் தூய்மைப் பணியாளர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமலே கிடக்கிறது. புதுக் கழிப்பறை கட்டித் திறப்பு விழா நடத்திய பள்ளியில் மூன்றே ஆண்டில் அதைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. கழுவ ஆள் வைக்கப் பணம் இல்லை. அந்தப் பள்ளிப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

60 லட்சம் நிதி என்ன செய்யும் என்று பாருங்கள். ஆண்டுக்கு நான்கு விழுக்காடு மட்டும் எடுத்தால் 2 லட்சத்து 40 ஆயிரம், அதாவது மாதம் 20 ஆயிரம். ஒரு தூய்மைப் பணியாளரின் ஊதியம், மோட்டார் பழுது, குழாய், பினாயில், இரண்டாண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு அது போதும். புதிய கட்டடம் புதிதாகவே இருக்கும்.

வங்கி ஏழு விழுக்காடு தந்தால் ஏன் நான்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் கேட்பார்கள். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடியை வைப்பில் போட்டு ஏழு லட்சம் வட்டியையும் ஆண்டுதோறும் செலவழித்தால், இருபது ஆண்டு கழித்தும் பாஸ்புத்தகத்தில் ஒரு கோடி இருக்கும். ஆனால் அதற்கு இன்றைய 38 லட்சத்தின் மதிப்புதான். நான்கு எடுத்து மூன்றைத் திரும்பப் போட்டால் 1 கோடியே 80 லட்சமாக வளர்ந்திருக்கும். இன்றைய மதிப்பில் 68 லட்சம். அப்போதும் தேய்மானம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வைப்பை மட்டும் நம்பினால் நிதி மெல்லக் கரையும். அதனால் இரண்டு செய்ய வேண்டும்: ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும், ஒரு பகுதியைச் சட்டம் அனுமதிக்கும் பரஸ்பர நிதிகளில் போடலாமா என்று தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தனி நிறுவனப் பங்குகளை நேரடியாக வாங்க அறக்கட்டளைகளுக்கு அனுமதி இல்லை. அந்த ஆசை வேண்டாம்.

முதல் அழியாமல் பலன் மட்டும் எடுக்கும் இந்த ஏற்பாட்டை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து இறக்குமதி செய்தது என்று சிலர் நினைக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இது ஊர்தோறும் இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். நெய்யை மட்டும் எடு, மந்தையைத் தொடாதே, குட்டியை மந்தையிலேயே விடு. நிலைநிதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. முன்னாள் மாணவியர் கூட்டத்தில் விழுக்காட்டுக் கணக்கு சொன்னபோது விழிக்காத முகங்கள், ஆட்டுக் கதையைச் சொன்னதும் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

இனி பணம் கேட்பது. நம் சங்கங்கள் வழக்கமாக என்ன செய்கின்றன? ஒரு வேண்டுகோள் கடிதம் அச்சடித்து, வாட்ஸ்அப் குழுக்களில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு, "தாராளமாக உதவுங்கள்" என்று எழுதிவிட்டுக் காத்திருக்கின்றன. ஐந்நூறும் ஆயிரமுமாக இரண்டு மூன்று லட்சம் வரும். பிறகு எல்லாரும் சோர்ந்துவிடுவார்கள். மூன்று கோடி அப்படி வராது. பெரிய தொகைகள் சிலரிடமிருந்துதான் வரும். எனவே கணக்கை மேலிருந்து போட வேண்டும். 40 லட்சம் தரக்கூடியவர் ஒருவர். 20 லட்சம் தருபவர் மூவர். 10 லட்சம் தருபவர் எட்டுப் பேர். இந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்தே 1 கோடியே 80 லட்சம் வந்துவிடுகிறது. மூன்று லட்சம் தருபவர் இருபது பேர், ஒரு லட்சம் தருபவர் நாற்பது பேர் என்றால் இன்னொரு கோடி. மிச்சம் இருபது லட்சத்தை எண்ணூறு பேர் ஆளுக்கு 2,500 ரூபாய் வீதம் தந்தால் முடிந்தது.

ஆகவே முதல் ஆறு மாதம் விளம்பரமே வேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று தேடுங்கள். ஒருவரிடமிருந்து பெறுவதற்கு நான்கு பேரையாவது மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஐம்பது பெயராவது பட்டியலில் இருக்கட்டும். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். மருத்துவர்கள், தொழில் நடத்துபவர்கள், வெளிநாட்டில் செவிலியராக உழைத்து ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அதே பட்டியலில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள்தாம் பெரும்பாலும் அதிகம் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். "நான் இந்து, ஆனால் காலை செபம் இன்னும் மனப்பாடம்" என்று சொல்லும் பெண்கள் உங்கள் பள்ளியின் பெரிய சொத்து. அவர்களிடம் திருச்சபையின் பெயரால் கேட்காதீர்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன சகோதரியின் பெயரால் கேளுங்கள்.

கேட்கப் போகிறவர் யார் என்பது தொகையைத் தீர்மானிக்கும். தாளாளர் தனியாகப் போனால் மரியாதைக்கு ஒரு தொகை கிடைக்கும். அதே பெண்ணோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி, தான் முதலில் ஐந்து லட்சம் கொடுத்துவிட்டுத் தாளாளரையும் அழைத்துக்கொண்டு போனால் நிலைமை வேறு. குழுவில் உள்ளவர்கள் தங்களால் இயன்றதை முதலில் கொடுக்க வேண்டும். தான் கொடுக்காதவர் பிறரிடம் கேட்கும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. போகும்போது தொகையைச் சொல்லியே கேளுங்கள். "உங்களால் முடிந்ததை" என்று கேட்பது பணிவாகத் தோன்றும். உண்மையில் அது எதிரில் இருப்பவரைத் தவிக்க விடுகிறது. "வேதியியல் ஆய்வகத்துக்குப் பத்து லட்சம் ஆகிறது, அதில் இரண்டு லட்சம் நிதிக்குப் போகும், மூன்று ஆண்டுகளில் தவணையாகத் தரலாம்" என்று சொன்னால் அவர் யோசிக்க முடியும். வேண்டாம் என்று சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு வந்து, ஆண்டறிக்கையைத் தவறாமல் அனுப்புங்கள். இரண்டாம் ஆண்டில் தானாகவே கூப்பிட்டுக் கொடுத்தவர்கள் உண்டு.

பெயர் பொறிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மின்விசிறி இறக்கையிலிருந்து பெஞ்ச் முதுகுவரை "உபயம்" எழுதுவது நமக்குப் பழக்கம். கொடுத்தவர் பெயர் இருப்பதில் தவறில்லை. ஆனால் என் அனுபவத்தில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அறைக்கு ஓர் ஆசிரியையின் பெயரை வையுங்கள். முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயரில் ஓர் அறை என்று அறிவித்தால், தனியாக ஐயாயிரம் தரத் தயங்கிய ஒரு வகுப்பே சேர்ந்து ஐந்து லட்சம் திரட்டிவிடும். அந்த ஆசிரியை உயிரோடு இருந்தால் அவரே வந்து கதவைத் திறந்து வைக்கட்டும்.

சிறு தொகைகளை ஏன் விட்டுவைக்கவில்லை என்றால், அந்த எண்ணூறு பேர்தாம் நிதியின் எதிர்காலம். தமிழ்நாட்டில் பள்ளிகள் இப்படித்தான் வளர்ந்தன. காமராசர் படித்த விருதுநகர்ப் பள்ளி பிடியரிசியாலும் (வீடுதோறும் எடுத்துவைத்த கைப்பிடி அரிசி) வணிகர் மகமையாலும் (வணிகர்கள் பொதுநலனுக்கு ஒதுக்கிய சிறு பங்கு) நடந்தது. 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது ஊர் மக்கள் நிலமும் மேசையும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் பங்குகளிலும் பிடியரிசியும் முதற்பலன் ஏலமும் பழக்கமானவையே. இன்றைக்கு அதையே மாதம் 200 ரூபாய் என்று மாற்றிக்கொள்ளலாம். இருநூறு பேர் மாதம் 200 தந்தால் ஆண்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். நிதியின் தேய்மானத்தை ஈடுகட்ட நான் மேலே சொன்ன புதிய சேர்ப்பு இதுதான்.

இரண்டு செயல்களை மட்டும் செய்யவே கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, மாணவியர் கையில் நன்கொடை அட்டையோ குலுக்கல் சீட்டோ கொடுத்து அனுப்புவது. கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் ஒரு பெண் அட்டையை நீட்டி, அவர் இல்லையென்று சொல்ல, வெற்று அட்டையோடு வகுப்பில் எழுந்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்ய மாட்டார்கள். இரண்டு, சேர்க்கையின்போது பெற்றோரிடம் கட்டட நிதி கேட்பது. கட்டாய நன்கொடை வசூலுக்கு எதிரான 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அப்படி வாங்கிய பணத்துக்கு நன்கொடை என்று பெயரிட எனக்கு மனம் வராது.

சட்ட விஷயங்களுக்கு வருகிறேன். பலர் திருச்சபைச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1265ஆம் சட்டப்படி, திருச்சபை நிறுவனத்துக்காகத் தனியார் நன்கொடை திரட்ட ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உங்கள் சங்கம் தனியார்தான். எனவே சபையின் மாநிலத் தலைவி (ப்ரொவின்சியல்) வழியாக ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் போகட்டும். 1267ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது. 1287ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடமே கணக்கு ஒப்படைக்கச் சொல்கிறது. கணக்கு கேட்பது நம்பிக்கையின்மை என்று யாராவது முகம் சுளித்தால், திருச்சபையே இதை எழுதி வைத்திருக்கிறது என்று பணிவோடு எடுத்துக்காட்டலாம்.

வருமான வரி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. புழக்கத்தில் உள்ள பழைய எண்களையே சொல்கிறேன், தணிக்கையாளர் புது எண்களைச் சொல்வார். பணம் வாங்கும் சங்கத்துக்கு 12ஏபி பதிவும் (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது) 80ஜி ஒப்புதலும் (கொடுப்பவருக்கு வரிக் கழிவு தருவது) நடப்பில் இருக்க வேண்டும். பள்ளியை நடத்தச் சபை பதிவு செய்துள்ள சங்கத்துக்கு அது பெரும்பாலும் இருக்கும். முன்னாள் மாணவியர் சங்கத்துக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பணம் நேராகக் கல்வி முகமையின் பெயரில், இதற்கென்றே திறந்த தனிக் கணக்குக்குப் போகட்டும். தலைமையாசிரியையின் கைபேசி எண்ணுக்கோ உங்கள் எண்ணுக்கோ ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. 80ஜி வழியாகக் கொடுப்பவருக்குத் தொகையில் பாதி கழிவாகக் கிடைக்கும், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை, இன்று சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். அதனால் வரிச் சலுகையை முன்னிறுத்திக் கேட்காதீர்கள். ஆண்டுதோறும் மே 31க்குள் நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்து அவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பெயர் தெரியாத நன்கொடைகள் மொத்தத்தில் ஐந்து விழுக்காடு அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிகுதிக்கு 30 விழுக்காடு வரி. விழாவில் உண்டியல் வைக்க நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நிலைநிதிக்கு ஒரு தனி நுணுக்கம் உண்டு. வரிச் சட்டத்தில் அதற்கு மூலதன நிதி (கார்பஸ்) என்று பெயர். "இத்தொகை மூலதன நிதிக்கு" என்று கொடுப்பவரே எழுதித் தர வேண்டும். அப்படி எழுதியிருந்தால் அது அந்த ஆண்டின் வருமானமாகக் கொள்ளப்படாது. சட்டம் குறிக்கும் முதலீடுகளில் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். எழுத்து இல்லையென்றால் அது சாதாரண வருமானம், அதில் 85 விழுக்காட்டை ஆண்டுக்குள் செலவிட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். எனவே ரசீதோடு சேர்ந்த படிவத்திலேயே கட்டடத்துக்கு இவ்வளவு, மூலதன நிதிக்கு இவ்வளவு என்று இரண்டு கோடுகள் அச்சடித்துக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு தாள்தான். ஆனால் பிற்காலத்தில் நிதியைக் காப்பாற்றப் போவது அதுவே.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மிகுந்த கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உள்நாட்டுக் கணக்கிலேயே வாங்கலாம். அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் பணம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள சங்கத்துக்கு, தில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப் பெற்றதை வேறொரு சங்கத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. உங்கள் பள்ளி எந்தச் சங்கத்தின் கீழ் இருக்கிறது, அந்தச் சங்கத்துக்கே பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கத் தோழிகளுக்கு எழுத வேண்டும். ஆர்வமிகுதியில் உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால், அதனால் ஆபத்துக்கு உள்ளாவது சபையின் பதிவு முழுவதும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிச் சுருக்கமாக: ஆய்வகம், கழிப்பறை, குடிநீர் இவற்றுக்குக் கேட்கலாம், பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும். 2021 முதல் மூலதன நிதிக்குத் தருவதை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. எனவே நிறுவனப் பணத்தைக் கட்டடத்துக்கும், தனியார் பணத்தின் பெரும்பகுதியை நிதிக்கும் திருப்புவது அறிவு.

நிபந்தனையோடு வருபவர்கள் சிலர் இருப்பார்கள். "என் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை" என்பார்கள். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று அமைந்த நிதிக்கு 80ஜி கிடையாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்குத்தான் விலக்கு. சட்டத்தை விடுங்கள். ஆண்டவரின் பெயரால் நடக்கும் பள்ளியில் சாதிக்கு ஒரு நிதி என்று பலகை தொங்கினால், அதைப் படித்துக்கொண்டே வகுப்புக்குப் போகும் மற்றப் பிள்ளையின் முகத்தை யார் பார்ப்பது? எவ்வளவு பெரிய தொகையானாலும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது, இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலித்த ஒன்று. நான் குழுவில் இருந்த ஒரு பள்ளியில் ஆறு ஆண்டு அலைந்து 11 லட்சம் சேர்த்து நிரந்தர வைப்பாகப் போட்டோம். ஏழை மாணவர் விடுதிக் கட்டணத்துக்கான நிதி அது. நிர்வாகி மாறினார். புதிதாக வந்தவர் நல்லவர், உழைப்பாளி. மழையில் சுற்றுச்சுவர் இடிந்தது. பிள்ளைகள் பாதுகாப்பு என்று அஞ்சி அந்த வைப்பை உடைத்துச் சுவர் எழுப்பினார். ஒரு பைசா வீணாகவில்லை. ஆனால் நிதி போய்விட்டது. பணத்தின் நோக்கத்தைச் சொல்லும் ஒரு காகிதமும் கோப்பில் இல்லாததால் அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தவர்களிடம் போய் என்ன சொல்வது? சில வீடுகளின் வழியாக நடப்பதையே நான் தவிர்த்தேன்.

துறவற சபைகளில் மாற்றம் வரும்; அது அவர்கள் வாழ்வின் ஒழுங்கு. தாளாளர் சில ஆண்டுகளில் போவார், மாநிலத் தலைவியும் மாறுவார். நிதியைக் காக்க மனிதர்களை நம்பக் கூடாது என்பதல்ல; வரப்போகும் நல்லவர்களுக்கு நாம் வழி எழுதி வைக்க வேண்டும். ஆகவே முதல் ரூபாய் வாங்குவதற்கு முன் இரண்டு பக்கத்தில் ஒரு நிதிச் சாசனம் எழுதுங்கள். நிதியின் பெயர், நோக்கம். ஆண்டுக்கு எடுக்கக்கூடிய உச்சம், மூன்று ஆண்டுச் சராசரி மதிப்பில் நான்கு விழுக்காடு. முதலைத் தொட வேண்டிய பேரிடர் வந்தால் யார் யார் சம்மதிக்க வேண்டும், எத்தனை ஆண்டில் திரும்ப வைக்க வேண்டும். சபையார் மூவர், முன்னாள் மாணவியர் மூவர், வெளித் தணிக்கையாளர் ஒருவர் கொண்ட குழு. வைப்பை உடைக்க வங்கியில் இரண்டு தரப்பின் கையொப்பமும் கட்டாயம். கல்வி முகமையின் உரிமையில் இது குறுக்கிடுகிறது என்று தயக்கம் எழலாம். சிறுபான்மையினர் நிறுவனத்தை நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சபைக்குத் தருகிறது, அதை யாரும் தொடவில்லை, சொத்து சபையுடையதே. சபை தானாக விரும்பித் தன் ஆளுமைக் குழுவில் தீர்மானம் போட்டு இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தத் தீர்மானத்தின் நகல் ஆயர் இல்லத்திலும் மாநிலத் தலைமையகத்திலும் சங்கத்திலும் இருக்கட்டும்.

கட்டடம் பற்றி ஓரிரு சொற்கள். மதிப்பீட்டில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கட்டடத்தில் பணம் தீர்ந்துபோன பள்ளிகளில் பெரும்பாலும் விடுபட்டது அதுதான். திட்ட அனுமதி, உறுதித்தன்மைச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று இவற்றுக்கான செலவும் காலமும் தனி. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு வந்த கண்டிப்பு இது. அதை அலைக்கழிப்பு என்று நினைக்க எனக்கு மனமில்லை. இரண்டு படிக்கட்டுகள் வேண்டும் என்று பொறியாளர் சொன்னால் ஒன்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கையில் அறுபது விழுக்காடு பணமும் மீதிக்கு எழுத்துமூல வாக்குறுதியும் சேரும்வரை அடிக்கல் நாட்ட வேண்டாம். நூற்றாண்டு விழாவில் திறப்பு விழா நடந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த நாளில் அடிக்கல் நாட்டினாலும் அதுவும் விழாதான்.

கணக்கை எப்படிக் காட்டுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரே பக்கம்: சென்ற ஆண்டு நிதி எவ்வளவு, வந்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, எதற்கு. அதைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். 2,500 கொடுத்தவருக்கும் 40 லட்சம் கொடுத்தவருக்கும் அதே பக்கத்தை அனுப்புங்கள். கணக்கோடு ஒரு படமும் வைக்கலாம். நான் அனுப்பியவற்றில் மிக அதிகமாகப் பதில் வந்த படம், குழாயில் தண்ணீர் வரும் ஒரு சுத்தமான கழிப்பறையின் படம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது நன்கொடை கேட்பது அன்று. தணிக்கையாளரை அழைத்துக்கொண்டு தாளாளரிடம் போய் மூன்று காகிதங்களைப் பாருங்கள்: பள்ளி எந்தச் சங்கத்தின் பெயரில் இருக்கிறது என்ற பதிவுச் சான்று, 12ஏபி மற்றும் 80ஜி ஆணைகள், எஃப்சிஆர்ஏ சான்றும் அது முடியும் தேதியும். மூன்றும் சரியாக இருந்தால் சாசனத்தின் வரைவை எழுதத் தொடங்கலாம். வரைவு தயாரானதும் அனுப்புங்கள். வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.